கறுப்புத்துணிக்கு வெளியே ஒரு கல்யாணம்

1. பெட்டி வேண்டாம்

கையில் காமிரா இல்லாமல் நான் போன முதல் கல்யாணம் பெரியகருப்பனுடையது. அதற்கு முன்பு எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். ஆனால் தாலி கட்டுவதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்தக் காலத்தில் மணமேடையில் நாங்கள் படம் எடுப்பதில்லை. பந்தலுக்குள் வெளிச்சம் போதாது. தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தால்தான் படம். உள்ளே கெட்டிமேளம் கொட்டும்போது நான் வெளியே மரத்தடியில் ஜமக்காளத்தைத் திரையாகக் கட்டிக்கொண்டிருப்பேன். கெட்டிமேளம் கேட்டால் ஆட்கள் வரப்போகிறார்கள், படம் பதிகிற கண்ணாடி பிளேட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான் எனக்குக் கல்யாணம். சாப்பாடு எப்போதும் கடைசிப் பந்தியில்.

பெரியகருப்பன் கீழக்குயில்குடிக்காரன். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் டிரைவராக இருந்தான். என் ஸ்டூடியோ மேலக்கோபுரத் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்தது. மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் கல்யாண வேலை வந்தால் அவன் பஸ்ஸில்தான் போவேன். மற்ற டிரைவர்கள் காமிராப் பெட்டியைக் கூரையில் ஏற்றச் சொல்வார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி பிளேட், குலுங்கினால் போயிற்று என்று முதல்நாள் நான் கெஞ்சியபோது, அவன் தன் பக்கத்து இடத்தைக் காட்டி, பெட்டியை அங்கே வை, நீ வேண்டுமானால் கூரைக்குப் போ என்றான். அப்படி ஆரம்பித்த சிநேகம். இரண்டாம் உலகப் போர் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போய், பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டிய நாட்களில், வண்டி மேடு ஏற முடியாமல் நின்றால் இருவரும் இறங்கி வேலியோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்தான். பயிற்சி முடிந்து, கப்பலில் அனுப்புவதற்கு முன் கொஞ்ச நாள் லீவு கொடுத்தார்கள். அந்த லீவிலேயே கல்யாணத்தை முடித்துவிட வீட்டில் ஏற்பாடு செய்தார்கள். பெண் வில்லாபுரம். பெயர் மீனாள். அழைக்க வந்தவனிடம், எந்தப் பெட்டியைக் கொண்டுவரட்டும், பெரிய குரூப் எடுக்க வேண்டியிருக்குமா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவன் என்னைப் பேச விடவில்லை.

"நீ பொட்டி கிட்டி தூக்கிட்டு வராத மாப்ள. வெறுங்கையோட வா. பொண்ணு வீட்ல போட்டோவுக்குச் சொல்லியாச்சு."

யாரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அருளப்பன் என்றான்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அருளப்பனும் ஸ்டேஷன் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்தான். என்னைவிடச் சில வயது மூத்தவர். என் படங்கள் வருஷம் திரும்பினால் மஞ்சளாகிவிடும் என்று அவர் சொன்னதாக யாரோ என்னிடம் சொன்னார்கள். அவருடைய படங்களைப் பற்றி நான் ஏதோ சொன்னதாக அவரிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பேசுவதில்லை. படம் கழுவுகிற மருந்தும் பிளேட்டும் வாங்குகிற கடையில் எதிரே பார்த்துக்கொண்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். நண்பன் கல்யாணத்துக்கு அவர் படம் எடுக்க, நான் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று இருந்தது. பெண்ணின் அண்ணன் சுந்தரம் ஒரு ஆபீஸில் குமாஸ்தா, அவர் செய்த ஏற்பாடு, மாற்ற முடியாது என்று பெரியகருப்பன் சொன்னான். அது மட்டும் காரணமில்லை என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நான் மேலே கேட்கவில்லை.

2. மேளம் கொட்டும் நேரம்

காலையில் சைக்கிளில் புறப்பட்டேன். காளவாசல் தாண்டினால் அப்போது ஊர் முடிந்துவிடும். பிறகு இருபக்கமும் வயலும் புளியமரமும்தான். ஸ்டாண்டும் பெட்டியும் இல்லாமல் சைக்கிள் லேசாக ஓடியது. எனக்குத்தான் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. இரண்டு தடவை பின்னால் கேரியரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கீழக்குயில்குடியில் மலையடிவாரத்து வீடு. வாசலை அடைத்துப் பந்தல். பெரியகருப்பனின் அம்மா என்னைப் பார்த்ததும், எங்கே தம்பி உன் பெட்டி என்றுதான் முதலில் கேட்டார். அங்கே என்னைத் தெரிந்த எல்லோரும் அதையே கேட்டார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சந்தனக் கிண்ணத்தை வாங்கி வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

முகூர்த்தத்துக்கு என்னை மணமேடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பஸ் ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்புகிறவன், தாலிக்கயிற்றில் முடிச்சுப் போட முடியாமல் தடுமாறினான். மீனாள் தலையைக் குனிந்திருந்தாலும், அவன் கைக்கு வசதியாகக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நாங்கள் கறுப்புத்துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும்போது ஆட்கள் தலைகீழாகத்தான் தெரிவார்கள். வெளிச்சம் சரியா, ஓரத்தில் நிற்பவன் வெட்டுப்படுகிறானா என்றுதான் பார்ப்போம். ஒரு கல்யாணத்தை நேராக உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். கெட்டிமேளம் கொட்டியபோது என் கை தானாக மடியில் பிளேட்டைத் தேடியது. பிறகு நானும் மற்றவர்களோடு அட்சதை போட்டேன்.

மணமேடையிலிருந்து இறங்கும்போது பெரியகருப்பன் என்னிடம், முதல் பந்தியில் உட்கார், போட்டோ அப்புறம் என்றான். நான் இலைக்குப் போகிற வழியில்தான் வெளியே சத்தம் கேட்டது. சத்தம் என்றால் கூச்சல் இல்லை. பத்துப் பேர் ஒரே விஷயத்தை மெல்லப் பேசுகிற சத்தம்.

3. தேய்த்த கண்ணாடி

மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் வந்திருக்கிறார் அருளப்பன். மழைத் தண்ணீர் அரித்த பாதை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பெட்டி கவிழ்ந்திருக்கிறது. வந்து சேர்ந்தவர் நிதானமாக ஸ்டாண்டை நிறுத்தி, பெஞ்சைப் போட்டு, கடைசியில் காமிராவை வெளியே எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டார். உள்ளே உடைந்து கிடந்த கண்ணாடி வலது கைக் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் நன்றாகக் கிழித்துவிட்டது.

உடைந்தது காமிராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடி. அதை கிரவுண்ட் கிளாஸ் என்போம். லென்ஸ் வழியாக வருகிற உருவம் அதன்மேல் விழும். அதைப் பார்த்துத்தான் போகஸ் பண்ண வேண்டும். பிறகு அந்தச் சட்டத்தை விலக்கிவிட்டு, அதே இடத்தில் பிளேட்டைச் செருகுவோம். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பதுதான். பிளேட்டோ போர்க்காலத்தில் எளிதாகக் கிடைக்காத சரக்கு. இரண்டே கொண்டுவந்திருந்தார். அவை டார்க் ஸ்லைடில், அதாவது வெளிச்சம் புகாத மர உறையில், உடையாமல் இருந்தன.

சுந்தரம் என்னைப் பார்த்துவிட்டார். நேரே என்னிடம் வந்து, நீங்களும் போட்டோக்காரர்தானே, உங்கள் காமிராவை எடுத்துவரச் சொல்லி நீங்களே எடுத்துவிடுங்களேன் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அருளப்பன் தலையைத் தூக்கவில்லை. கையில் சுற்றிய துணி சிவந்துகொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டில், இத்தனை பேர் பார்க்க, இப்படி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவர்மேல் எனக்கு இருந்த கசப்பு அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் சுந்தரத்திடம் சொன்னேன்:

"இன்னைக்கு போட்டோகிராபர் அவர்தான். நான் கல்யாணத்துக்கு வந்த ஆளு. அவருக்கு என்ன வேணும்னு கேட்டு ஒத்தாசை பண்றேன்."

டவுனுக்குப் போய் என் காமிராவைக் கொண்டுவர முடியாததல்ல. ஆனால் பெண் வீட்டார் மதியச் சாப்பாடு முடிந்ததும் மறுவீட்டுக்கு இருவரையும் வில்லாபுரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அதற்குள் திரும்ப முடியாது.

இதற்குள் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. கல்யாணத்தன்று கண்ணாடி உடைவது நல்லதில்லை, ரத்தம் வேறு சிந்திவிட்டது, மாப்பிள்ளையோ சண்டைக்குப் போகிறவன், இந்தப் போட்டோவே வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். இரண்டு மூன்று பெண்கள் ஆமாம் என்றார்கள். பெரியகருப்பனின் அம்மா முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் வாயில் ஒரு வார்த்தை வந்தால் போதும், படம் நின்றுவிடும். பெரியகருப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மீனாள் தன் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மெல்லத்தான் பேசினாள். ஆனால் அங்கே எல்லோருக்கும் கேட்டது.

"கண்ணாடி வண்டியில ஒடைஞ்சிருக்கு, மணையில ஒடையல. அவுக போயிட்டா எனக்குப் பாத்துக்கிற அந்தப் படம் மட்டும்தான இருக்கும். எடுக்கச் சொல்லுங்கண்ணே."

பெரியகருப்பனின் அம்மா அருகில் வந்து அவள் தலையில் சரிந்திருந்த பூவைச் சரியாக வைத்தார். அதுதான் சம்மதம்.

நான் அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பேசாத மனிதர். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சட்டம் உடையவில்லையே அண்ணே என்றேன். அவர் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிதான் போயிருந்தது. மரச்சட்டம் முழுசாக இருந்தது.

"மெல்லிசாத் தாள் கெடைச்சா ஒட்டிப் பாக்கலாம் ரத்தினம்" என்றார். என் பெயரைச் சொன்னார்.

தாள் என்று அவர் சொன்னதும் எண்ணெய் தடவினால் அதில் வெளிச்சம் ஊடுருவும் என்று எனக்குத் தோன்றியது. தாம்பூலம் மடிக்க வைத்திருந்த மெல்லிய வெள்ளைத் தாளில் சுருக்கமில்லாத ஒன்றைத் தேடி எடுத்தேன். பந்தியிலிருந்து ஒரு கைப்பிடிச் சோற்றை வாங்கிப் பசையாக மசித்து, தாளைச் சட்டத்தில் இழுத்து ஒட்டினேன். கண்ணாடி இருந்த அதே மட்டத்தில் தாள் நிற்க வேண்டும், ஒரு மயிரிழை முன்னே பின்னே போனாலும் படம் மங்கிவிடும். இதை அவர் ஒவ்வொரு ஓரமாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். வெயிலில் வைத்ததும் தாள் காய்ந்து விறைப்பாக நின்றது. பஞ்சில் நல்லெண்ணெய் தொட்டுத் தடவினோம். தாள் தேய்த்த கண்ணாடி போலவே பாதி ஒளி விடுகிறதாக மாறியது. சுற்றி நின்றவர்களில் யாரோ, போட்டோவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள் என்றார். அருளப்பன் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் மற்றவர்களும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

கறுப்புத்துணிக்குள் நான்தான் தலையை விட்டேன். கட்டுப் போட்ட கையோடு திருகாணியைத் திருக அவரால் முடியவில்லை. தாளில் உருவம் மங்கலாக, எண்ணெய் வாசனையோடு தலைகீழாக வந்தது. முகங்களை வைத்துப் பிடிக்க முடியவில்லை. மீனாளின் மாலையில் இருந்த ஜரிகை வெயில் பட்டு மின்னியது. அந்த ஒரு புள்ளியைக் கூர்மையாக்கினேன். அவரும் ஒருமுறை எட்டிப் பார்த்து, போதும் என்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் முதல் பிளேட். நான் ஸ்லைடைச் செருகினேன், அவர் இடது கையால் லென்ஸ் மூடியைத் திறந்து, எண்ணி, மூடினார். அதுவரை யாரும் அசையக்கூடாது.

அடுத்தது குரூப். ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது பெரியகருப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து என்னிடம் வந்தான். கோபமாக இருந்தான்.

"வேல பாக்கவா ஒன்னையக் கூப்பிட்டேன்? இம்புட்டு வருசமா அம்புட்டு பேர் கல்யாணத்துலயும் இருந்திருக்க, எந்தப் படத்துலயாச்சும் நீ இருக்கியா? இந்தப் படத்த நான் பட்டாளத்துக்குக் கொண்டுபோகப் போறேன் மாப்ள. அதுல நீ இருக்கணும்னுதான் பொட்டி வேணாம்னேன்."

போகஸ் பார்க்க ஆள் வேண்டுமே என்று ஏதோ முனகினேன். அருளப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். போகஸ் பார்த்து, பிளேட்டைச் செருகி, உறையின் மூடுபலகையை உருவிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மூடியைத் திறக்க எனக்கு ஒரு கை போதும் என்றார்.

அப்படியே செய்தேன். துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, அந்தக் கூட்டத்தை நோக்கி நடந்து, பெரியகருப்பனுக்குப் பின்னால் எனக்காக விட்டிருந்த இடத்தில் நின்றேன்.

லென்ஸுக்கு எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முகத்தில் வெளிச்சம் அடித்தது. கை கனத்தது. பக்கத்தில் நிற்கிறவர்களின் மூச்சு கேட்டது. அருளப்பன் மூடியைக் கழற்றி, ஒன்று என்று எண்ண ஆரம்பித்தார். அப்போது பெரியகருப்பன் முன்னால் பார்த்தபடியே, உதடு அசைவது தெரியாமல் கேட்டான்.

"சாப்ட்டியா மாப்ள?"

நான் அவன் பக்கம் திரும்பிவிட்டேன்.

4. யாரும் ஆடவில்லை, ஒருவரைத் தவிர

இரண்டு நாள் கழித்து அருளப்பன் என் மாடிப்படி ஏறி வந்தார். அவர் என் ஸ்டூடியோவுக்குள் வந்தது அதுவே முதல்தடவை. கையில் இரண்டு பிரிண்ட். பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கும் படம் நன்றாக வந்திருந்தது. குரூப்பும் கூர்மையாக வந்திருந்தது. குழந்தைகள்கூட ஆடவில்லை. மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கு மட்டும் முகம் இல்லை. வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு புகை, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியிருந்தது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊரில் ஒவ்வொருவரையும் அசையாமல் நிற்கச் சொல்கிறவன் நான். இதைக் கொடுக்காதீர்கள், குரூப் சரியாக வரவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை அடுத்த நாள் ரயிலேறுகிறார், அவர் கேட்ட படம் இதுதான், நல்லதோ கெட்டதோ அவரிடம் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளாத வாரமே இல்லை. பிளேட் கிடைக்காத மாதங்களில் ஒருவருக்கு வந்ததை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். மஞ்சளாகிறது என்று யார் சொன்னது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியகருப்பன் கப்பலேறிப் போனான். மணல் தவிர வேறெதுவும் இல்லாத தேசம் என்று மட்டும் தெரிந்தது. இடையில் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அப்போது மீனாள் கீழக்குயில்குடியில் மாமியாரோடு இருந்தாள். ஒருநாள் இருவரும் என் ஸ்டூடியோவுக்கு வந்து, கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள். கண்ணாடி போட்டுத் தரட்டுமா என்று நான் தயங்கிக் கேட்டேன். போடுங்க, ஒடைஞ்சா வேற போட்டுக்குவோம் என்றாள் மீனாள்.

சண்டை முடிந்து அவன் திரும்பி வந்தான். ஆள் இளைத்து, கறுத்து, ஒரு காது கொஞ்சம் மந்தமாகி வந்தான். ஸ்டூடியோ மாடியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சட்டைப் பையிலிருந்து அந்தக் குரூப் படத்தை எடுத்தான். மூலைகள் மடங்கி, வேர்வைக் கறை ஏறி, நடுவில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் பழைய வெட்கத்தில், நெகடிவ் அருளப்பனிடம் இருக்கிறது, என் மூஞ்சியைச் சரிபண்ணி வரைந்து புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். ரீடச்சிங் பென்சில் கொண்டு முகத்தையே வரைந்துவிடுகிற கெட்டிக்காரர்கள் அப்போது எங்களில் உண்டு.

அவன் படத்தை என்னிடம் கொடுக்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"அங்கன ராப்பகலா இதத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். மத்தவுக அம்புட்டு பேரும் நேரா எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறாக. எங்கம்மாகூட என்னையப் பாக்கல. நீ ஒருத்தன்தான் மாப்ள எம்பக்கம் திரும்புற. கேட்டதுக்குப் பதில் சொல்ல வார மாதிரியே இருக்கும்."

பிறகு படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீயைக் குடித்து முடித்தான்.

இந்தத் தொழிலில் ஆள் ஆடிப்போன பிளேட் என்றால் கெட்டுப்போன பிளேட். அதை வெந்நீரில் ஊறப்போட்டு, மேலே இருக்கும் மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் கண்ணாடியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வோம். நானும் அப்படி எத்தனையோ முகங்களைச் சுரண்டித் தள்ளியிருக்கிறேன். பெரியகருப்பன் அன்று மாடியிறங்கிப் போன பிறகு, படத்துக்குரிய வீட்டாரிடம் ஒருமுறை காட்டாமல் எந்தப் பிளேட்டையும் நான் வெந்நீரில் போட்டதில்லை. தொழிலுக்கு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு இருப்பது இது ஒன்றுதான். காட்டினால் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சிலர் நன்றாக வந்த படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆடிப்போனதைக் காட்டி, இதையே கொடுங்கள் என்று வாங்கிப் போயிருக்கிறார்கள்.